பள்ளியில் 'பிரிட்டிஷ் கலை வாரம்': இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளையைப் பிரைமரி பள்ளியில் சேர்த்து, யூனிஃபார்ம், புக் பேக், பி.இ. (உடற்பயிற்சி) நாள் எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்ட நேரத்தில் பள்ளி ஆஃபீஸிலிருந்து ஒரு மெயில் வரும். அடுத்த வாரம் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் வீக், இந்த வருடத் தலைப்பு பிரிட்டிஷ் கலாசாரம் என்று ஆரம்பிக்கும். ஒரு நாள் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் உடை; இன்னொரு நாள் பழைய சட்டை; ஒரு நாள் காலி அட்டைப்பெட்டிகள்; வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோருக்கு அழைப்பு. அன்று இரவே வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் "என்ன வாங்கணும்?" என்று பேச்சு தொடங்கிவிடும்.

பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டாம். பள்ளி எதிர்பார்ப்பது பிள்ளை தன் கையால் செய்த ஒன்றை. அது கோணலாக இருந்தால் பரவாயில்லை. பெற்றோர் அழகாகச் செய்து அனுப்பியதை எந்த டீச்சரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். கடிதத்தைச் சரியாகப் படித்து, வீட்டில் கிடக்கும் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். ஒதுங்கி நிற்பதுதான் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

எதற்கு இந்த வாரம்

'பிரிட்டிஷ் கலாசாரம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் சிலர் பதறுவார்கள். நம் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாதே, மற்றப் பிள்ளைகள் முன்னால் முழிக்குமே என்று. பயப்பட ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் விழுமியங்கள் என்று ஒரு பட்டியலில் உள்ளவற்றைப் பள்ளிகள் பிள்ளைகளிடம் வளர்க்க வேண்டும் என்று 2014 நவம்பரில் இங்கிலாந்தின் கல்வித் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேறு நம்பிக்கை உள்ளவர்களை மதித்துப் பொறுத்துப் போவது, இவைதான் அந்தப் பட்டியல். பள்ளியைச் சோதிக்க வரும் ஆஃப்ஸ்டெட் ஆட்களும் இதைப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், பெரிய ஓவியர்கள், கட்டடக் கலைஞர்கள், வடிவமைப்பாளர்களைப் பற்றிப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டமும் சொல்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துக்கொள்ள பள்ளிகளுக்கு இது வசதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் சாட்ஸ் என்ற தேசியப் பரீட்சை முடிந்த பிறகு, ஜூன், ஜூலையில் பல பள்ளிகள் இதை வைக்கும். சில பள்ளிகள் ஏப்ரல் 23, இங்கிலாந்தின் காவல் புனிதரான செயின்ட் ஜார்ஜின் தினத்தை ஒட்டி வைக்கும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் மேபோல் நடனமோ வெல்ஷ் மரக்கரண்டியோ புதிதுதான். அதனால் உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கி நிற்காது.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

ஒரு பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் என்ன உடை, என்ன கொண்டுபோக வேண்டும், பணம் கேட்டிருக்கிறார்களா, உங்களிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்து காலண்டரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஒரே மெயிலில் ரிசெப்ஷன் வகுப்புக்கு ஒன்று, கீ ஸ்டேஜ் ஒன்றுக்கு ஒன்று, கீ ஸ்டேஜ் இரண்டுக்கு ஒன்று என்று கலந்து போட்டிருப்பார்கள். ரிசெப்ஷன் என்பது நாலு, ஐந்து வயது வகுப்பு. முதல் இரண்டு வகுப்புகள் கீ ஸ்டேஜ் ஒன்று. மூன்றிலிருந்து ஆறு வரை கீ ஸ்டேஜ் இரண்டு. உங்கள் பிள்ளையின் வரி எது என்று அடிக்கோடிடுங்கள்.

பணம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிகள் பள்ளி நேரத்தில் நடக்கும் பாடத்துக்கோ செயல்பாட்டுக்கோ கட்டணம் வாங்கக் கூடாது. தனியாக வாத்தியம் கற்றுக்கொடுப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நடனக் குழுவோ பொம்மலாட்டக்காரரோ வெளியிலிருந்து வந்தால் 'விருப்ப நன்கொடை' என்று இரண்டு மூன்று பவுண்ட் கேட்பார்கள். பெயருக்கேற்றபடி அது விருப்பம்தான். நீங்கள் கொடுக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க முடியாது. நிறையப் பேர் கொடுக்காவிட்டால் நிகழ்ச்சியையே ரத்து செய்ய வேண்டி வரலாம் என்பதால், முடிந்தவர்கள் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் ஆஃபீஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள்.

புரியாததைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காலையில் வாசலில் டீச்சர் முப்பது பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் வேண்டாம். மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது கேளுங்கள், அல்லது ஆஃபீஸுக்கு இரண்டு வரி மெயில்: பிள்ளையின் பெயர், வகுப்பு, கேள்வி. பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை.

உடை

சிவப்பு, வெள்ளை, நீலம் என்றால் அந்த நிறத்தில் இருக்கும் ஏதாவது. ஜீன்ஸும் வெள்ளை டி-ஷர்ட்டும் போதும். சூப்பர்மார்க்கெட்டில் கொடி அச்சிட்ட சட்டை தொங்கும். ஒரு நாளுக்காக அதை வாங்குவது வீண் என்பது என் கட்சி.

'பிரிட்டிஷ் வரலாற்றில் ஒருவர்' என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும். ராணி, வீரர், பீஃபீட்டர் (லண்டன் டவர் கோட்டைக் காவலர்) என்று எல்லாரும் போவார்கள். வீட்டிலேயே முடிகிற மாதிரி இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல், பாலங்களும் ரயில் பாதையும் கப்பல்களும் கட்டிய பொறியாளர். 1857-இல் எடுத்த அவருடைய புகைப்படம் ஒன்று இங்கே எல்லாருக்கும் தெரியும். உயரமான கறுப்புத் தொப்பி, சேறு படிந்த காலாடை, பின்னால் ராட்சதச் சங்கிலி. கறுப்பு அட்டையைச் சுருட்டி ஒரு தொப்பி, வீட்டிலிருக்கும் கோட், கறுப்புக் காகிதத்தை வளையம் வளையமாக ஒட்டி ஒரு நீளச் சங்கிலி. முடிந்தது. அந்தச் சங்கிலியை ஐந்து வயதுப் பிள்ளை தானே ஒட்டிவிடும்.

இன்னொருவர் சோஃபியா துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள், இங்கிலாந்தில் வளர்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் ஒருவர். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலில் நின்று அந்த இயக்கத்தின் பத்திரிகையை விற்றிருக்கிறார். அவர் சேர்ந்திருந்த இயக்கத்தின் நிறங்கள் ஊதா, வெள்ளை, பச்சை. ஒரு வெள்ளை கவுன், மூன்று நிறத் துணியைக் குறுக்கே போட்டு ஒரு ஊசி, கையில் ஒரு பழைய பேப்பர். "நீ யார்?" என்று டீச்சர் கேட்டால் பிள்ளை இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்திருந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

எந்த வேடமானாலும் பிள்ளை தானே பாத்ரூம் போய் வரக்கூடியதாக இருக்கட்டும். முதுகில் பத்து ஹூக் வைத்த கவுனைப் போட்டு அனுப்பிவிட்டால் அவதிப்படுவது பிள்ளைதான். வாள், துப்பாக்கி பொம்மைகள் வேண்டாம். முகத்தில் தோல் நிறத்தை மாற்றும் சாயம் பூசவே கூடாது.

பழைய சட்டையும் காலிப் பெட்டிகளும்

பழைய சட்டை கேட்பது ஏப்ரனுக்குப் பதிலாக. அப்பாவின் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டி, கையை மடித்துவிட்டு, கழுத்துப் பட்டனை மட்டும் பின்னால் போட்டால் முழங்கால் வரை மறையும். காலரில் பெயர் எழுத மறக்காதீர்கள். முப்பது வெள்ளைச் சட்டைகளில் உங்களுடையது எது என்று மாலையில் யாருக்கும் தெரியாது.

காலிப் பெட்டிகள் 'ஜங்க் மாடலிங்' என்ற வேலைக்கு. சீரியல் பெட்டி, கிச்சன் ரோல் குழல், பால் பாட்டில் மூடி எல்லாம் வைத்து டவர் பிரிட்ஜோ கோட்டையோ கட்டுவார்கள். டாய்லெட் ரோல் குழலைச் சில பள்ளிகள் சுத்தம் கருதி ஏற்பதில்லை. முட்டை அட்டையும் வேர்க்கடலை, பாதாம் வந்த டப்பாக்களும் ஒவ்வாமை காரணமாகத் திரும்பி வரலாம். கழுவி உலர்த்தியதை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேலை வீட்டில் செய்யச் சொல்லிக் கேட்பார்கள், நமக்கு அது மிகச் சுலபம்: டீயில் நனைத்த காகிதம். டியூடர் என்ற பழைய அரச வம்சத்தின் காலத்துக் கடிதமோ புதையல் வரைபடமோ எழுதுவதற்குப் பழைய தாள் மாதிரி வேண்டுமாம். ஒரு தட்டத்தில் கொஞ்சம் சுடுதண்ணீர், அதில் கட்டித் தேயிலை. ஆறியதும் ஏ4 தாளைக் கசக்கிப் பிரித்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, தட்டையாக வைத்து உலர்த்தினால் போதும். கசங்கிய மடிப்புகளில் நிறம் கூடுதலாக இறங்கும், அழகே அதுதான். பால் ஊற்றாத டீ என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

வகுப்பில் என்னென்ன செய்வார்கள்

பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் அடிக்கடி வருகிறவை சில உண்டு. முந்தின இரவு பத்து நிமிடம் பேசி வைத்தால் பிள்ளைக்கு வகுப்பில் கை உயர்த்தத் தைரியம் வரும்.

*லௌரியின் ஓவியம்.* எல்.எஸ். லௌரி (1887–1976) மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபோர்டில் வாழ்ந்தவர். பகலில் வீட்டு வாடகை வசூலிக்கும் வேலை, இரவில் ஓவியம். ஆலைகள், புகைபோக்கிகள், வேலைக்கு விரையும் கூட்டம், இவைதான் அவர் வரைந்தவை. ஆட்கள் தீக்குச்சி போல ஒல்லியாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடப்பார்கள். அவர் பயன்படுத்தியது ஐந்தே நிறங்கள்: கறுப்பு, செந்தூரச் சிவப்பு, கருநீலம், காவி மஞ்சள், வெள்ளை. டீச்சரும் அந்த ஐந்தை மட்டும்தான் தட்டில் வைப்பார். பச்சை கேட்டால் கலந்துகொள் என்பார். இன்னொன்றைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: இந்தப் படத்தில் என்ன இல்லை? நிழல் இல்லை. லௌரி ஆட்களுக்கு நிழல் போடுவதில்லை. இது தெரிந்த பிள்ளை வகுப்பில் சும்மா இருக்காது.

படம் வீட்டுக்கு வந்ததும் "ஏன் குச்சி மாதிரி வரைஞ்சிருக்கே, கைகால் ஒழுங்கா வரையக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

*மாரிஸ் அச்சு.* வில்லியம் மாரிஸ் (1834–1896) பூவும் இலையும் பறவையும் பின்னிய துணி, சுவர்க்காகித வடிவங்களுக்குப் பெயர் போனவர். 1881-இல் லண்டனின் மெர்ட்டனில், வாண்டில் ஆற்றங்கரையில் தன் பட்டறையைப் போட்டார். டூட்டிங்கிலும் மிட்சத்திலும் இருக்கும் நம்மவர்களுக்குப் பஸ் தூரம்தான். தோட்டத்தில் பழம் திருடித் தின்ற பாட்டுப் பறவைகளைப் பார்த்து அவர் வரைந்த 'ஸ்ட்ராபெரி திருடன்' என்ற வடிவம் 1883-ஆம் வருடத்தது. துணி முழுக்க அவுரி நீலம் ஏற்றி, வேண்டிய இடத்தில் வெளுத்து, அங்கே மற்ற நிறங்களை அச்சுக்கட்டையால் பதிப்பது அந்தத் துணியின் முறை. மெனக்கெட்ட வேலை.

பள்ளியில் கட்டைக்குப் பதில் மெல்லிய தெர்மோகோல் தகடு. பென்சிலால் அழுத்திக் கோடு போட்டு, ரோலரால் மை தடவி, தாளில் கவிழ்த்து அழுத்துவார்கள். அழுத்திய கோடு வெள்ளையாகவும் மீதி நிறமாகவும் விழும். பிள்ளைகளைத் திகைக்க வைப்பது, அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறி வருவதுதான். பெயரை நேராக எழுதியவர்களின் பெயர் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி வரும், வகுப்பே சிரிக்கும். வீட்டில் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி ஓர் எழுத்தைச் செதுக்கி அச்சு போட்டுக் காட்டினால் இது ஒரே நொடியில் புரிந்துவிடும். கத்தி வேலையை நீங்கள் செய்யுங்கள்.

*கொடி.* யூனியன் ஜாக் வரையச் சொல்வார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எளிது, வரையும்போதுதான் சிக்கல் தெரியும். இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் சிலுவை, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூ குறுக்குச் சிலுவை, அயர்லாந்தின் செயின்ட் பாட்ரிக் சிவப்புக் குறுக்குச் சிலுவை மூன்றும் சேர்ந்து 1801-இல் இப்போதுள்ள வடிவம் வந்தது. வேல்ஸ் இதில் இல்லை. அதற்குத் தனியாகச் சிவப்பு டிராகன் கொடி உண்டு. சிவப்புக் குறுக்குக் கோடு வெள்ளையின் நடுவில் வராமல் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். கம்பத்துப் பக்க மேல் மூலையில் அகலமான வெள்ளைப் பட்டை சிவப்புக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடி தலைகீழ். பெரியவர்களிலேயே பலர் இதைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள்.

*மேபோல்.* நம் பிள்ளைகள் இதில் சீக்கிரம் தேறிவிடுவார்கள், அதுவும் வீட்டில் பின்னல் கோலாட்டம் பார்த்த அம்மாவோ பாட்டியோ இருந்தால். நட்டு வைத்த கம்பத்தின் உச்சியிலிருந்து வண்ண ரிப்பன்கள் தொங்கும். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஆட, கம்பத்தில் பின்னல் விழும். மே மாத விழாக்களில் கம்பத்தைச் சுற்றி ஆடுவது மிகப் பழைய வழக்கம். ரிப்பன் பின்னும் பள்ளி நடனமாக அது பரவியது விக்டோரியா காலத்தில்.

எல்லாரும் ஒரே திசையில் சுற்றினால் ரிப்பன் கம்பத்தில் சரிவான கோடுகளாகச் சுற்றிக்கொள்ளும். இதற்கு நாவிதர் கம்பம் என்று பெயர். பாதிப் பேர் அசையாமல் நிற்க, மீதிப் பேர் அவர்களை உள்ளும் வெளியுமாகச் சுற்றிப் போனால் சிலந்தி வலை. இரண்டு அணிகளும் எதிரெதிர் திசையில் போய், வருகிற முதல் ஆளுக்கு மேலே, அடுத்த ஆளுக்குக் கீழே என்று ரிப்பனை மாற்றி மாற்றி விட்டால் சரியான பின்னல். ஆட்கள் இரட்டைப் படையில் இருக்க வேண்டும். ஒருவர் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போய்விட்டால் அந்த இடத்திலேயே பின்னல் மாட்டிக்கொள்ளும். அவிழ்ப்பதற்கு அதே அடிகளைப் பின்னோக்கி ஆட வேண்டும், அதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள்.

வீட்டில் ஒத்திகை பார்க்க விளக்குமாற்றுக் கம்பின் நுனியில் நாலு ரிப்பன் கட்டி ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். "மேலே, கீழே, மேலே, கீழே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலில் லேஸ் கட்டிய ட்ரெயினர்ஸ், செருப்பு வேண்டாம். மாரிஸ் நடனம் என்று இன்னொன்றும் இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே மணிப்பட்டை கட்டி, கைக்குட்டை வீசி ஆடுவது. அதன் பெயருக்கும் மேலே சொன்ன வில்லியம் மாரிஸுக்கும் சம்பந்தமில்லை.

*வில்லோ தட்டு.* காகிதத் தட்டில் நீலப் பேனாவால் வரைவது. வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், ஒரு படகு, சீன பாணி மாளிகை, மேலே இரண்டு பறவைகள். காதலர்கள் தப்பியோடிப் பறவைகளாக மாறிய சீனக் கதை என்று சொல்வார்கள். வடிவமும் கதையும் இங்கிலாந்தில் உருவானவையே, சீனப் பீங்கான் மேல் இருந்த மோகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது அந்த வடிவம். தட்டு மலிவு, வேலை அமைதி. ரகளையான வகுப்புகளுக்கு டீச்சர்கள் இதைத்தான் வைப்பார்கள் என்பது என் சந்தேகம்.

*வெல்ஷ் காதல் கரண்டி.* வேல்ஸில் இளைஞர்கள் தங்கள் மனம் கவர்ந்தவளுக்கு ஒற்றை மரத்துண்டில் செதுக்கிக் கொடுத்த கரண்டி. இதயம் என்றால் அன்பு, கூண்டுக்குள் உருளும் மணி என்றால் பிறக்கப்போகும் பிள்ளைகள். பள்ளியில் உப்பு மாவில் செய்வார்கள்: ஒரு கப் மைதாவுக்கு அரை கப் உப்பு, அரை கப் தண்ணீர், மிகக் குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம் ஓவனில். வீட்டுக்கு வந்த பிறகு நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம்.

தபால்தலை வரைவது, காகிதப் பட்டைகளை ஊடும் பாவுமாகக் கோத்து ஸ்காட்டிஷ் கட்டம் நெய்வது, வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே பாறைகளுக்காக அறுகோணங்கள் ஒட்டுவது என்று இன்னும் வரும். தபால்தலைக்கு மட்டும் ஒரு குறிப்பு: 1840-இல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்ட நாடு என்பதால் பிரிட்டிஷ் தபால்தலைகளில் நாட்டின் பெயர் இருக்காது, அரசரின் தலை மட்டும் இருக்கும். பிள்ளை நாட்டின் பெயரை எழுதாமல் மூலையில் ஒரு தலையை வரைந்தால் டீச்சர் அசந்துபோவார். பள்ளி கொஞ்சம் விரிந்து யோசித்தால் லண்டன் தெருவிழாவான நாட்டிங் ஹில் கார்னிவலின் முகமூடிகளும் கரீபியன் ஸ்டீல் டிரம்மும் வாரத்தில் இடம்பெறும். லண்டனில் பல பள்ளிகளுக்கு அதில்லாமல் பிரிட்டன் முழுமையாகாது.

சாப்பாட்டு மேசை

வார முடிவில் 'ஆஃப்டர்நூன் டீ' அல்லது 'ஸ்ட்ரீட் பார்ட்டி' என்று ஒன்று வைப்பார்கள். ஸ்கோன் (பன் போன்ற சின்னக் கேக்), ஜாம், கிரீம், வெள்ளரிக்காய் சாண்ட்விச். ஜாமுக்கு மேல் கிரீமா, கிரீமுக்கு மேல் ஜாமா என்று இங்கிலாந்தின் தென்மேற்கில் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களான கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் ஒரு வழக்கு உண்டு: கார்ன்வாலில் ஜாம் முதலில், டெவனில் கிரீம் முதலில். நமக்கெதற்கு வம்பு.

இதற்கு முன்னால் ஒரு படிவம் வரும், அதை அலட்சியமாக நிரப்பாதீர்கள். இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் பாலும் அடக்கம். உங்கள் வீட்டில் முட்டை சேர்க்க மாட்டீர்கள் என்றால் 'முட்டை வேண்டாம்' என்று தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் ஸ்கோனிலும் கேக்கிலும் முட்டை இருக்கலாம். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி, மெல்லும் மிட்டாய்களில் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கலாம், அதையும் குறிப்பிடுங்கள்.

நீங்கள் உணவு கொண்டுவரலாம் என்று கடிதம் சொன்னால் இன்னும் கவனம். இந்த நாட்டில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. நிலக்கடலையும் பாதாம், முந்திரி வகைகளும் எல்லாருக்கும் தெரியும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இருப்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. தாளிப்பே கடுகில் ஆரம்பிக்கிற நமக்கு இது பெரிய விஷயம். எள்ளுருண்டையும் முந்திரி போட்ட கேசரியும் வீட்டிலேயே இருக்கட்டும். கடையில் வாங்கி, லேபிள் உள்ள பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுப்பதைத்தான் பெரும்பாலான பள்ளிகள் விரும்பும்.

காரனேஷன் சிக்கன் சாண்ட்விச் தென்பட்டால் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா விருந்துக்காக உருவானது, அதில் கறிப் பொடி உண்டு. நம் நாக்குக்கு அது கறி இல்லை என்பது வேறு கதை.

உதவிக்குப் போகிறீர்களா

'பெற்றோர் உதவியாளர்கள் தேவை' என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். பசை ஊற்றவும் பிரஷ் கழுவவும் சரளம் தேவையில்லை. முன்பதிவு செய்து, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். ஆஃபீஸில் கையெழுத்திட்டு பேட்ஜ் மாட்டிக்கொள்ள வேண்டும். டி.பி.எஸ். என்ற காவல் சரிபார்ப்பு வேண்டுமா என்று பள்ளி சொல்லும்; டீச்சரின் கண்பார்வையில் ஒரு மதியம் இருப்பதற்குப் பொதுவாகக் கேட்பதில்லை. போன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் நீங்கள் தனியாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகக் கூடாது, டீச்சரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி நேராக வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள். கை பரபரக்கும், தெரியும். "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

உங்களிடமிருந்தும் ஏதாவது காட்டலாமா என்று டீச்சர் கேட்டால் இந்த வாரத்துக்குப் பொருந்துவதாகக் கொண்டுபோங்கள். மாங்காய் பார்டர் போட்ட காஞ்சிபுரம் புடவை ஒன்று. காஷ்மீர் சால்வைகளைப் பார்த்து அந்த மாங்காய் வடிவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் நெய்து குவித்தார்கள். இன்று உலகமே அதை பெய்ஸ்லி என்கிறது. புடவையை விரித்ததும் பிள்ளைகள் தாத்தாவின் டையில் பார்த்த வடிவம் என்று கத்துவார்கள். அல்லது தேயிலை. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலைத் தோட்டம் போட்டார். மலையகத் தோட்டங்களில் அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழர்கள். ஸ்கோன் மேசையில் கோப்பை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி இலையைக் காட்டி இதைச் சொல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக்காரர்களின் பொறுமை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை

ஹாலில் கண்காட்சி, மேபோல் ஆட்டம், ஒரு பாட்டு. இரண்டரை மணிக்கு என்றால் இரண்டு இருபதுக்கே போய்விடுங்கள், பின் வரிசையில் நின்றால் தலைகள்தான் தெரியும். வேலை காரணமாக வர முடியாவிட்டால் முன்கூட்டியே டீச்சருக்குச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி, நண்பர் யாராவது வரலாம். யாரும் வர முடியாவிட்டால் அதைப் பிள்ளைக்குக் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது, அது ஹாலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளையைப் படம் எடுக்கலாமா என்று தொடக்கத்தில் அறிவிப்பார்கள். எடுத்தாலும், மற்றப் பிள்ளைகள் தெரியும் படத்தை ஃபேஸ்புக்கிலோ ஊர்க் குழுவிலோ போடாதீர்கள். சில குடும்பங்களில் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதே வெளியே தெரியக் கூடாத நிலைமை இருக்கும். படைப்பைச் சட்டமிட்டு விற்கும் மேசை இருந்தால், வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. அதே ஓவியத்தை வீட்டில் டேப் போட்டு ஒட்டினாலும் பிள்ளைக்குச் சந்தோஷம்தான்.

வார இறுதியில் எங்கே போகலாம்

பிள்ளைக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டால் செலவில்லாமல் தொடர வழி இருக்கிறது. வால்தம்ஸ்டோவில் வில்லியம் மாரிஸ் கேலரி, மாரிஸ் இளவயதில் வாழ்ந்த வீடு; அனுமதி இலவசம். பெத்னல் கிரீனில் 2023-இல் மறுபடி திறந்த யங் வி&ஏ, முழுக்கப் பிள்ளைகளுக்கான அருங்காட்சியகம், அதுவும் இலவசம். வடக்கே இருப்பவர்களுக்கு சால்ஃபோர்டில் தி லௌரி என்ற கலை மையம், லௌரியின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபாகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த காதல் கரண்டி இருக்கிறது. அங்கேயும் நுழைவு இலவசம், கார் நிறுத்தத்துக்கு மட்டும் பணம். எல்லாம் நடந்து பார்க்க வேண்டிய இடம், அதனால் புளிச்சோறும் ரெயின்கோட்டும் எடுத்துப் போங்கள்.